ஒரே உலை, ஒரே சிட்டை

சேலம் சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசு செய்யும் ஒரு வீட்டின் சுவரில், ஆணியில் மாட்டிய சிட்டைப் புத்தகம் ஒன்று தொங்குகிறது. வியாபாரி எடை போட்டுக் கொடுத்த வெள்ளி, செய்து திருப்பிய கொலுசின் எடை, ஒப்புக்கொண்ட சேதாரம், கிலோவுக்கு இவ்வளவு என்று பேசிய கூலி, இடையில் வாங்கிய முன்பணம் எல்லாம் அதில் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. முதல் பக்கத்தில் இருப்பது ஒரே பெயர், அது வீட்டுக்காரருடையது. அந்த வீட்டிலிருந்து கடைக்குப் போன கொலுசுகளில் தம் மனைவியின் கை படாத ஜோடி ஒன்றுகூட இராது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் மனைவி என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால், "கூடமாட ஒத்தாசையா இருக்குதுங்க, டீச்சர்" என்பதே பதில்.

அந்தக் ‘கூடமாட’ என்ற சொல்லுக்குள் எவ்வளவு உழைப்பும் எவ்வளவு வருமானமும் அடங்கியிருக்கின்றன என்பதே இந்த ஆய்வின் கேள்வி. பொருளியல் கற்பிப்பவள் என்ற முறையில், கிளாடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பொருளியலாளரின் முடிவுகளை ஆண்டுதோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். அவற்றை என் ஊர்த் தெரு ஒன்றில் வைத்துப் பார்த்தால் எது பொருந்தும், எது இடறும் என்று அறியும் ஆவலில், உடன்பிறந்த இரு பெண்களின் குடும்பங்களை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கவனித்தேன். தங்கை சிவதாபுரத்துப் பட்டறை வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். அக்கா சேர்வராயன் மலையில், ஏற்காட்டுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை செய்பவர். பெயர்களையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் அவர்கள் விருப்பப்படி விட்டுவிட்டேன். இரண்டு குடும்பங்களை வைத்துக்கொண்டு ஒரு மாவட்டத்தை அளந்துவிட முடியாது என்பதை நான் அறிவேன். ஆயினும் குடும்பத்துக்குள் வருமானம் எப்படிப் பிரிகிறது என்று பெரிய கணக்கெடுப்புகள் கேட்பதில்லையாதலால், இத்தகைய சிறு கணக்குக்கும் ஓர் இடம் இருக்கிறது.

ஏடுகளில் ‘மனைவி’ என்று எழுதப்பட்டவர்கள்

1946இல் நியூயார்க்கில் பிறந்த கோல்டின், ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். 2023ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. வேறு எவருடனும் பங்கிடாமல் அப்பரிசைப் பெற்ற முதல் பெண் அவரே. அமெரிக்கப் பெண்களின் உழைப்பைப் பற்றி இருநூறு ஆண்டுக்காலத் தரவுகளைத் திரட்டிய அவர், பழைய குடிக்கணக்கு ஏடுகளில் மணமான பெண்ணின் தொழில் என்ற இடத்தில் பெரும்பாலும் ‘மனைவி’ என்றே எழுதப்பட்டிருந்ததைக் கண்டார். பண்ணையிலும் வீட்டுத் தொழிலிலும் கணவருக்கு இணையாக உழைத்த பெண்களும் அந்த ஒரு சொல்லில் மறைந்துபோயிருந்தனர். வேறு ஆவணங்களைக் கொண்டு அவர் அதைத் திருத்தியபோது, 1890களின் இறுதியில் மணமான பெண்கள் வேலையில் இருந்த விகிதம் அரசுக் கணக்கு காட்டியதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு என்று தெரியவந்தது.

இந்தத் திருத்தத்திலிருந்துதான் அவருடைய புகழ்பெற்ற வளைகோடு பிறந்தது. உழவும் வீட்டுத் தொழிலும் மிகுந்த காலத்தில் உயரத்தில் இருந்த பெண்களின் வேலைப் பங்கேற்பு, தொழிற்சாலைகள் வந்து வீடும் வேலையிடமும் பிரிந்தபோது தாழ்ந்து, கல்வியும் சேவைத் துறையும் வளர்ந்த பின் மீண்டும் உயர்ந்தது. கரும்பலகையில் வரைந்தால் அது தமிழின் ‘ப’ எழுத்தைப்போல் இருக்கும். பொருளாதாரம் வளர்ந்தால் பெண்ணின் வேலையும் தானே வளரும் என்ற எண்ணத்தை அது உடைத்தது.

கூலியைப் பற்றிய அவருடைய இன்னொரு முடிவுக்கு அதே அளவு கவனம் கிடைத்ததில்லை என்பது என் கருத்து. செய்த பொருளை எண்ணிக் கூலி தரும் துண்டுக்கூலி முறை மிகுந்திருந்த காலத்தில், ஒரே அளவு செய்த ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே பாகுபாட்டுக்கு இடம் குறைவாக இருந்தது. மாதச் சம்பளமும் நீண்ட காலப் பணியும் பரவிய இருபதாம் நூற்றாண்டில், திறமையாலும் படிப்பாலும் விளக்க முடியாத கூலி இடைவெளி கூடியது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் எண்ணுகிறவனுக்கு ஆண் பெண் தெரியாது என்பது இதன் உட்கருத்து.

என்னைச் சிவதாபுரத்துக்கு அனுப்பியது இந்த முடிவுதான். கொலுசுத் தொழில் முழுக்க முழுக்க எடைக்கூலி. அப்படியானால் கோல்டினின் வாதப்படி அங்கே பெண்ணுக்கு ஓரளவேனும் நியாயம் கிடைத்திருக்க வேண்டும்.

ஒன்பது துண்டுகளாக ஒரு வேலைநாள்

சேலத்து மாம்பழத்தையும் உருக்காலையையும் வெளியூர் அறிந்த அளவுக்கு அதன் கொலுசை அறியாது. செவ்வாய்ப்பேட்டை வியாபாரிகளிடமிருந்து வெள்ளி புறப்பட்டுச் சிவதாபுரம், பனங்காடு, பள்ளப்பட்டி முதலிய பகுதிகளின் வீடுகளுக்குப் போய், கொலுசாக மீண்டும் செவ்வாய்ப்பேட்டைக்கே வருகிறது. வெள்ளியை உருக்குவது, கம்பி இழுப்பது, வளையம் கோப்பது, பற்றவைப்பது, முத்து சேர்ப்பது, மெருகு ஏற்றுவது என்று ஒரு ஜோடி பல கைகளைக் கடக்கிறது. தீயும் இயந்திரமும் உள்ள வேலைகள் பெரும்பாலும் ஆண்களிடமும், உட்கார்ந்த இடத்தில் விரலும் கண்ணும் கொண்டு செய்பவை பெண்களிடமும் இருக்கின்றன. இதற்கு எழுதப்பட்ட விதி ஏதும் இல்லை. இடையில் எழுந்து போய் வரக்கூடிய வேலை எதுவோ அது பெண்ணிடம் சேர்கிறது. பற்றவைக்கும் தீயை விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போக முடியாது அல்லவா.

தங்கையின் வீட்டில், பண்டிகை நெருக்கடி இல்லாத ஒரு வாரத்தில், ஏழு நாளும் நேரத்தைக் குறித்தேன். அவர் பட்டறை வேலையில் இருந்தது நாளொன்றுக்குச் சராசரியாக 5 மணி 40 நிமிடம். அது ஒன்பது துண்டுகளாகச் சிதறியிருந்தது. ஒரே மூச்சில் உட்கார்ந்த மிக நீண்ட துண்டு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகான ஒன்றே கால் மணி நேரம். சமையல், தண்ணீர், துணி, மாமியாருக்கு மருந்து, பிள்ளைகள் ஆகியவற்றுக்கு 5 மணி 50 நிமிடம் போயிற்று. கணவரோ 9½ மணி நேரத்தை இரண்டே துண்டுகளில் பட்டறையில் கழித்தார்; வீட்டு வேலையில் அவர் பங்கு 25 நிமிடம். அவரை நான் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டதாகக் கண்டது. அதிலும் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரே அந்த வேலைகளைத் தொட்டவர். நாடு முழுவதும் உள்ள பழக்கத்தைத்தான் இந்த மனிதரும் பின்பற்றுகிறார்.

கணக்கெடுப்பவர் வந்து அந்த வீட்டு வாசலில் நின்றால் என்ன நடக்கும் என்பதையும் ஒத்திகை பார்த்தோம். தொழிலாளர் கணக்கெடுப்பில் ஒவ்வொருவரின் நிலைக்கும் ஒரு குறியீட்டெண் உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் 11, வீட்டுத் தொழிலில் ஊதியமின்றி உதவுபவர் 21, வீட்டு வேலை மட்டும் பார்ப்பவர் 92. வியாபாரியிடம் பொருள் வாங்கி வீட்டில் செய்து தருபவரும் சொந்தத் தொழில் செய்பவராகவே கொள்ளப்படுவதால், கணவர் தயக்கமின்றி 11 ஆகிவிடுகிறார். மனைவியைப் பற்றிக் கணவரிடம் கேட்டபோது கிடைத்த விடை 92. மாமியாரிடம் கேட்டபோதும் அதுவே. தங்கையிடமே கேட்டபோது, "வீட்டுலதான் இருக்கேன், அப்பப்ப கொலுசு கோப்பேன்" என்றார். எத்தனை மணி நேரம் என்று துருவிக் கேட்ட பிறகே அது 21 ஆயிற்று. 15 வயதுக்கு மேற்பட்ட இந்தியப் பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் 2017-18இல் 23.3 விழுக்காடாக இருந்து 2023-24இல் 41.7 விழுக்காடாக உயர்ந்ததாகக் கணக்கு சொல்கிறது. அந்த உயர்வில் சுயதொழிலும் ஊதியமில்லா உதவியும் பெரும் பங்கு வகிப்பதைப் பார்க்கும்போது, எத்தனை பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்கள், எத்தனை பேரிடம் கேள்வி சரியாகக் கேட்கப்பட்டது என்ற ஐயம் எனக்கு எழாமல் இல்லை.

துண்டுக்கூலி எங்கே தவறிப்போகிறது என்பது இப்போது தெரியும். கோல்டின் ஆராய்ந்த இடங்களில் தொழிலாளியின் துண்டு எண்ணப்பட்டது. இங்கே எண்ணப்படுவது வீட்டின் துண்டு. தராசில் வைக்கும் ஒரு கிலோ கொலுசில் யார் கை எவ்வளவு என்று தராசுக்குத் தெரியாது. சிட்டையில் எழுதுபவருக்குத் தெரிய வேண்டிய தேவையும் இல்லை. ஆண் பெண் பாராத அதே தன்மை, குடும்பத்தைக் கூலியின் அலகாக வைத்தவுடன் பெண்ணைப் பாராத தன்மையாக மாறிவிடுகிறது.

பெண்ணின் கைக்கு நேராகப் பட்டறையிலிருந்து வந்த காசு ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்த பின் தரையைக் கூட்டி, வெள்ளித் துகள் கலந்த அந்தக் குப்பையை ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்து வைக்கிறார். டின் நிறைந்ததும் அதை வாங்கிப் போக ஆள் வருவார்; அந்தப் பணம் தங்கையுடையது என்பது மாமியார் காலத்திலிருந்து வரும் வீட்டு வழக்கம். கொலுசின் எடை சேதாரத்தைத் தாண்டிக் குறைந்தால், ‘கூட்டும்போது எங்கே சிந்தினாய்’ என்ற கேள்வியும் அதே வழக்கப்படி அவரிடமே வரும்.

ஒரே உலை

மனைவியின் பங்குக்குத் தனிக் கணக்கு வேண்டாமா என்று நான் கேட்டதற்குக் கணவர் சிரித்தார். "எல்லாம் ஒரே உலையிலதானுங்களே கொதிக்குது, டீச்சர். அதுல அவ அரிசி எது, என் அரிசி எதுன்னு பிரிக்க முடியுமா?" பட்டறை உலையும் சோற்று உலையும் ஒரே சொல்லில் வரும் மொழியில் இதற்கு உடனே மறுமொழி சொல்வது கடினம். 1992இல் பொருளியல் நோபல் பெற்ற கேரி பெக்கர் குடும்பத்தைப் பற்றி எழுதிய கோட்பாட்டின் சாரமும் ஏறத்தாழ இதுவே. எல்லார் நலனிலும் அக்கறை கொண்ட ஒரு தலைவர் இருந்தால், வருமானம் யார் கை வழியாக வந்தாலும் செலவு ஒரே மாதிரியாகத்தான் இருக்கும் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தைச் சோதிக்க பிரிட்டன் தற்செயலாக ஒரு வாய்ப்பைத் தந்தது. 1970களின் இறுதியில், பிள்ளைகளுக்காகத் தந்தையின் வரியில் அளித்து வந்த கழிவை அங்கே நிறுத்திவிட்டு, அதற்குப் பதிலாகத் தாயிடம் ரொக்கமாகத் தொகை தரத் தொடங்கினார்கள். குடும்பத்தின் மொத்த வருமானத்தில் பெரிய மாற்றம் இல்லை. பணம் சேரும் கை மட்டும் மாறியது. லண்ட்பர்க், போலக், வேல்ஸ் ஆகிய பொருளியலாளர்கள் மூவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, அதன் பின் ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிடுகையில் பெண்கள், குழந்தைகள் உடைக்கான செலவு கூடியதைக் காட்டியது. உலை ஒன்றானாலும் அரிசியைப் போடும் கை யாருடையது என்பதைப் பொறுத்துச் சோறு மாறுகிறது.

வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் நம் முறையோ இன்னும் பெக்கரின் உலையில்தான் இருக்கிறது. 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கினி கெழு ஊர்ப்புறத்தில் 0.237, நகர்ப்புறத்தில் 0.284. எல்லாரும் சமம் என்றால் 0, எல்லாமே ஒருவரிடம் என்றால் 1 என்ற அளவுகோலில் இவை தாழ்ந்த எண்கள். நுகர்வை அளந்தால் வருமானத்தை அளப்பதைவிட ஏற்றத்தாழ்வு குறைவாகவே தெரியும் என்பது பாடநூல் அறிந்த செய்தி. அதைவிட அடியில் இன்னொன்று இருக்கிறது. வீட்டின் மொத்தச் செலவைத் தலைக்கு இவ்வளவு என்று சமமாக வகுத்த பிறகே இந்த எண் கணக்கிடப்படுகிறது. அதாவது வீட்டு வாசற்படிக்கு உள்ளே ஏற்றத்தாழ்வே கிடையாது என்று முதலிலேயே வைத்துக்கொண்டுவிடுகிறோம். ஹடாட், கன்பூர் என்ற பொருளியலாளர்கள் 1990இல் பிலிப்பைன்ஸ் தரவுகளைக் கொண்டு, இந்த எடுகோள் ஏற்றத்தாழ்வைக் கணிசமாகக் குறைத்துக் காட்டிவிடுகிறது என்று நிறுவினார்கள்.

பிரிக்கவே முடியாது என்றவரை ஒரு நாள் பிரிக்க வைத்தேன். தீபாவளிக்கு முன்னால் வேலை குவியும்போது, வளையம் கோப்பதையும் முத்து சேர்ப்பதையும் பக்கத்து வீட்டுப் பெண்களிடம் ஜோடிக்கு இவ்வளவு என்று கொடுப்பது அவர் வழக்கம். அதே விலையை மனைவியின் வேலைக்கும் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டேன். சிட்டையின் பின்னட்டையில் பென்சிலால் கூட்டிப் பார்த்தார். நூறு ரூபாய்க் கூலியில் 36 ரூபாய் வந்தது. மீண்டும் ஒரு முறை கூட்டினார். அப்போதும் அதே தொகை.

மேலும் ஒரு கணக்கை நான் அவரிடம் கேட்கவில்லை, எனக்காகப் போட்டுக்கொண்டேன். அவசர வேலைக்கு வியாபாரி கூலியைச் சற்றுக் கூட்டித் தருவார். இரவெல்லாம் உட்கார்ந்து விடியற்காலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பவருக்கே அது கிடைக்கும். கணவரால் உட்கார முடிகிறது; காலையில் டிபன் கட்ட வேண்டியவரால் முடியாது. எந்த நேரமும் கூப்பிட்டால் வருபவருக்கு மணிக்கூலி கூடுதலாகக் கிடைக்கும் வேலைகளைக் கோல்டின் பேராசை பிடித்த வேலைகள் என்று குறிப்பிடுகிறார். இன்றைய கூலி இடைவெளியில் பெரும்பகுதி இத்தகைய வேலைகளாலும், முதல் குழந்தை பிறந்த பின் தாய் அவற்றிலிருந்து விலகுவதாலும் வருகிறது என்பது அவர் முடிவு. அவர் பேசுவது வழக்கறிஞர்களையும் நிதி நிறுவன அதிகாரிகளையும் பற்றி. சிவதாபுரத்துப் பட்டறையிலும் அந்தப் பேராசை இருக்கிறது, தொகைதான் சிறியது.

விலை ஏறிய மாதங்கள்

வெள்ளி விலை கிலோவுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியபோது, ஊர் முழுவதும் அதை வளத்தின் செய்தியாகப் பேசியது. பட்டறைக்கோ அது பஞ்சத்தின் செய்தி. கூலி எடையைப் பொறுத்ததே தவிர விலையைப் பொறுத்ததல்ல. விலை ஏறினால் வாங்குபவர்கள் தயங்குவார்கள், கேட்பவர்களும் மெல்லிய கொலுசாகக் கேட்பார்கள். எடை குறைந்தால் கூலி குறையும், கோக்க வேண்டிய வளையங்கள் குறையா. ஏறத்தாழ நான்கு மாதம் வேலை வரத்து நொண்டியது. அப்போதுதான் தங்கை, மாமியாரின் முணுமுணுப்பைப் பொருட்படுத்தாமல், இளம்பிள்ளையில் ஒரு சேலைக் கடைக்குச் சேலை மடித்துக் கட்டும் வேலைக்குப் போகத் தொடங்கினார். 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது இல்லாவிட்டால், கிடைத்த கூலியில் ஒரு பகுதி பேருந்துக்கே போயிருக்கும் என்றார்.

இந்த நான்கு மாதங்களே இந்த ஆய்வின் மையம். வீட்டின் மொத்த வருமானம் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. எந்தக் கணக்கெடுப்பு வந்திருந்தாலும் அந்தக் குடும்பம் ஏழ்மையை நோக்கி ஒரு படி இறங்கியதாகவே பதிவு செய்திருக்கும். ஆனால் அந்தப் பெண்ணின் பெயரில் வந்த வருமானம் டின் காசிலிருந்து வீட்டு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயர்ந்தது. பட்டறையில் அவர் ஈட்டிக்கொடுத்த 36 ரூபாய்க்கும் இதற்கும் அளவில் அதிக வேறுபாடு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உழைப்பு முன்போல்தான் இருந்தது. இப்போது அது வேறொருவரின் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயருக்கு நேராக எழுதப்பட்டது.

செலவிலும் மாற்றம் தெரிந்தது. மகளுக்கு ஒத்திப் போட்டிருந்த கணக்கு டியூஷன் தொடங்கியது. இரண்டு ஆண்டாகத் தள்ளிப்போட்டு வந்த மூக்குக் கண்ணாடியைத் தமக்கு வாங்கிக்கொண்டார். வளையம் கோக்கும் கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு ஆண்டு போயிருக்கிறது; கணவரின் கம்பி இழுக்கும் இயந்திரத்துக்கு அதே காலத்தில் இரண்டு முறை பழுது பார்த்திருக்கிறார்கள். அவரும் அதை அறிந்து செய்யவில்லை. இயந்திரம் நின்றால் வேலை நிற்பது எல்லார் கண்ணிலும் படுகிறது, ‘கூடமாட’ செய்பவரின் கண் மங்குவது படுவதில்லை.

மலைமேல் ஒரு தராசு

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற்காடு போகும் பேருந்தில், அக்காவைப் பார்க்கத் தங்கையுடன் இரண்டு முறை போனேன். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காப்பி, இன்று அந்த மலையின் முகமாகவே ஆகிவிட்டது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் அரபிகா செடி என்பதே அங்குள்ள தோட்டங்களின் பொதுவான அமைப்பு.

அக்காவின் பெயர் தோட்டத்து வேலைப் பதிவேட்டில் இருக்கிறது. நாட்கூலி அவர் பெயரில் வருகிறது, வருங்கால வைப்பு நிதியும் அவர் பெயரில் பிடிக்கப்படுகிறது. பழம் பறிக்கும் பருவத்தில் மாலையில் ஒவ்வொருவர் மூட்டையையும் தனித்தனியே தராசில் மாட்டி, பெயரைச் சொல்லி, எடையைச் சொல்லி எழுதுகிறார்கள். கோல்டின் சொன்ன துண்டுக்கூலி இதுதான். இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பையும் மருத்துவத்தையும் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியதோடு, 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்று தோட்டங்களில் இருந்த வழக்கத்தின் சட்ட அடிப்படையை 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் நீக்கியது. சட்டம் எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. ஏணி வைத்து மிளகு பறிப்பது ஆண்களின் வேலை, அதற்குக் கூலி கூட. பழம் பறிப்பது பெண்களின் வேலை. கூலி விகிதத்தில் இருந்த பிரிவு வேலைப் பிரிவாக இடம் மாறிக்கொண்டது. பருவம் முடிந்ததும் வேலை நாட்களும் சுருங்கிவிடுகின்றன. ஆண்டு முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அக்கா வீட்டின் மொத்த வருமானம் தங்கை வீட்டினுடையதைவிடக் குறைவு.

முதல் முறை போனபோது, அடுப்படியில் உட்கார்ந்து இருவரும் பேசிக்கொண்டதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

"உன் பேரு எங்கயாச்சும் எழுதியிருக்குதாடி?"

"ரேஷன் கார்டுல இருக்குதுக்கா."

அக்கா சிரித்தார். நான் சிரிக்க முடியாமல் தேநீரைக் குடித்தேன்.

சேலம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கனம் உண்டு. பெண் சிசுக்கொலைக்காக நாடறிந்த மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் இங்கேதான் தொடங்கியது. 2001 குடிக்கணக்கில் ஆறு வயது வரையிலான குழந்தைகளில் 1,000 ஆண்களுக்கு 851 பெண்களே இருந்தனர். அப்போது தமிழ்நாட்டின் சராசரி 942. 2011இல் இந்த மாவட்டத்தின் எண் 900ஐத் தாண்டியது. இதற்கு வரதட்சணை தொடங்கிப் பல காரணங்கள் பேசப்பட்டிருக்கின்றன, எதையும் தள்ளிவிட முடியாது. ஆனால் பொருளியலாளர் நான்சி சியான் சீனாவைப் பற்றி 2008இல் வெளியிட்ட ஆய்வை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. தேயிலை பறிப்பது பெண்களின் வேலையாக இருந்த பகுதிகளில், அந்நாட்டின் வேளாண் சீர்திருத்தத்துக்குப் பின் தேயிலைக்கு நல்ல விலை கிடைத்தபோது, பிழைத்த பெண் குழந்தைகளின் பங்கு கூடியது. ஆண்களின் உழைப்பு மிகுந்த பழத்தோட்டப் பகுதிகளில் வருமானம் கூடியபோது அப்படி நடக்கவில்லை, எதிர்த்திசையிலேயே சென்றது. வீட்டுக்கு வரும் பணம் எவ்வளவு என்பதோடு, அது பெண்ணின் உழைப்பால் வந்தது என்று வீட்டார் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதும் குழந்தையின் உயிரை எட்டிவிடுகிறது. கொலுசு விலை ஏறினாலும் இறங்கினாலும் சிவதாபுரத்தில் அப்படிக் கண்ணுக்குத் தெரிய வழியில்லை.

ஆயிரம் ரூபாயும் ஒரு மீட்டரும்

2023 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு வழங்கும் மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாய், சகோதரிகள் இருவருக்குமே வருகிறது. தங்கைக்கு வங்கிக் கணக்கு தொடங்கியதே இதற்காகத்தான். சேலைக் கடைக் கூலியும் பிறகு அந்தக் கணக்கிலேயே விழுந்தது. உதவி என்று பெயரிடாமல் உரிமை என்று பெயரிட்டது, பெண்ணின் ஊதியமில்லா உழைப்பை ஏற்றுக்கொள்ளும் செயல் என்று நான் கருதுகிறேன். ஆனால் அதற்கான தகுதியைத் தீர்மானிப்பது மறுபடியும் குடும்பமே. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்கு மேலும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேலும் போகக்கூடாது. கணவரின் வருமானம் வரம்பைத் தாண்டினால், தன் பெயரில் ஒரு காசும் இல்லாத பெண்ணுக்கும் அந்த உரிமை இல்லை. பட்டறை மோட்டாரும் வீட்டு விளக்கும் ஒரே மீட்டரில் ஓடினால், மனைவியும் சேர்ந்து உழைத்த மின்சாரமே அவருக்கு எதிரான சாட்சியாகிவிடும். பெண்ணின் உழைப்பை ஏற்கும் திட்டத்திலும் பெண்ணை அளக்கும் கோல் வீடாகவே இருக்கிறது.

ஐந்தாம் மாதத்தில் கொலுசு வேலை திரும்பி வந்தது. சேலைக் கடையில் தொடர்வதா என்ற பேச்சு வீட்டில் இரண்டு நாள் ஓடியது. பக்கத்து வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கும் காசு மிச்சமாகும் என்றார் கணவர். அது உண்மைதான், மனைவி கோத்தால் அந்த 36 ரூபாய் வீட்டை விட்டு வெளியே போகாது, யாருக்கும் கொடுக்க வேண்டியதும் இல்லை. வீட்டின் மொத்தக் கணக்குக்கு அதுவே ஆதாயம் என்பதால், தங்கையும் அதை மறுத்துப் பேச வழி காணவில்லை. பேருந்துக்கு நிற்பதை நிறுத்திவிட்டார்.

ஒரு முயற்சி மட்டும் செய்தார். வளையம் கோக்கும் வேலையைத் தம் பெயரில் தனிச் சிட்டையாகத் தர முடியுமா என்று, கணவருடனேயே செவ்வாய்ப்பேட்டைக்குப் போய்க் கேட்டார். கணவர் உடன் போனதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். வியாபாரி மரியாதையாகவே பதில் சொன்னார்: "வீட்டுக்கு ஒரு சிட்டைதானுங்கம்மா. ரெண்டு போட்டா எடை குறைஞ்சா நான் யாரைக் கேட்கிறது?" அவர் கவலை அவருக்கு. வெள்ளி அவருடையது, குறையும் எடைக்குப் பொறுப்பாகக் குடும்பம் முழுவதையும் பிடித்துக்கொள்ள ஒரே பெயர் இருப்பதே அவருக்கு வசதி.

திரும்பி வந்த பின் கணவர், பின்னட்டையில் போட்ட கணக்கைப் போலவே, சிட்டையின் ஓரத்தில் பென்சிலால் மனைவியின் பங்கை எழுதத் தொடங்கினார். இரண்டு மாதம் அது ஒழுங்காக நடந்தது. அந்தத் தொகை முழுவதும் இல்லாவிட்டாலும் ஒரு பகுதி வங்கிக் கணக்குக்குப் போயிற்று. தீபாவளி வேலை குவிந்த வாரத்தில் பென்சில் கோடு நின்றுவிட்டது. கடைசியாகப் போனபோது, பிறகு எழுதவில்லையா என்று கேட்டேன். "நேரம் இல்லைங்க டீச்சர், எழுதணும்" என்றார். தங்கை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, தரையைக் கூட்டி, டின்னில் போட்டு மூடினார்.